மறைவில் பிறக்கும் துரு

பிரிட்டனில் பழைய மோட்டார் ஹோம் விற்பவர்கள் முதலில் சொல்வது, வண்டி அதிகம் ஓடவில்லை என்பதைத்தான். பதினெட்டு வருட வண்டி, முப்பதாயிரம் மைல்கூட ஆகவில்லை என்பார்கள். இன்ஜினுக்கு அது நல்ல செய்தி. ஆனால் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை என்று ஒரு சின்ன வீட்டையே சுமந்து நிற்கும் அடிப்பாகத்து இரும்புக்கு அந்தக் கணக்குச் செல்லாது. துருவுக்கு மைல் தெரியாது; ஈரத்தில் கழிந்த மணி நேரம்தான் அதற்குக் கணக்கு. வருடத்தில் மூன்று வாரம் ஊர் சுற்றிவிட்டு மீதி நாளெல்லாம் வீட்டோரப் புல்தரையில் நின்ற மோட்டார் ஹோமின் அடிப்பாகம், தினமும் ஓடி ஓடிக் காய்ந்த சரக்கு வேனுடையதைவிட மோசமாக இருக்கலாம்.

இது மெக்கானிக்குகளின் அனுபவப் பேச்சு மட்டுமல்ல. உலோக அரிப்பை அளப்பவர்கள் கையாளும் ஐ.எஸ்.ஓ. 9223 என்ற சர்வதேசத் தரத்தில் ‘ஈர நேரம்’ என்றே ஓர் அளவு உண்டு. காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேலும், வெப்பநிலை பூஜ்ய டிகிரிக்கு மேலும் இருக்கும் மணி நேரங்களைக் கூட்டினால் வருவது அது. பிரிட்டனின் குளிர்காலம் பெரும்பாலும் இந்த இரண்டு நிபந்தனைகளுக்குள்ளேயே கழிகிறது. அங்கே குளிர் கடுமையாக இருப்பதில்லை. ஈரம் விடாமல் இருக்கிறது. இரும்புக்கு இதுதான் கெடுதல்.

இதோடு சாலை உப்பு சேர்கிறது. பனி உறையும் இரவுகளில், டயர் வழுக்காமல் இருக்க, லாரிகள் சதுர மீட்டருக்குப் பத்து இருபது கிராம் வீதம் பாறை உப்பைத் தூவிக்கொண்டு போகின்றன. அந்த உப்பில் பெரும்பகுதி செஷயரில் உள்ள வின்ஸ்ஃபோர்டு சுரங்கத்திலிருந்து வருகிறது. 1844-இல் அங்கே உப்பு வெட்டத் தொடங்கினார்கள். சக்கரம் வாரியடிக்கும் உப்புச் சேறு, சேஸிஸின் சந்துபொந்துகளுக்குள் போய்ப் படிகிறது. சாதாரண உப்புக்கு ஒரு குணம் உண்டு: காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், அது காற்றிலிருந்தே நீரை இழுத்துக்கொண்டு கரைந்து நிற்கும். மழை நின்று, சாலை காய்ந்து, வண்டியும் பளபளவென்று தெரியும் நாளில்கூட, இரும்புப் பெட்டிக்குள் படிந்த உப்புப் படலம் நனைந்தே இருக்கும். வட அமெரிக்காவில் சில பகுதிகளில் தெளிக்கும் மெக்னீசியம் குளோரைடு இன்னும் பொல்லாதது; 33 சதவீத ஈரப்பதமே அதற்குப் போதும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளை நிறுத்தி அரிப்பை அளந்துவருகிறது. அங்கே அந்தத் தகடுகளையும் பக்கத்துப் பாம்பன் பாலத்தையும் தின்னும் அதே குளோரைடுதான் பிரிட்டனில் சாலையிலிருந்து தெறித்து வருகிறது.

உப்பும் மழையும் எல்லா வண்டிக்கும் பொது. மோட்டார் ஹோமுக்கென்று தனியாக ஒரு வினை இருக்கிறது. வாங்க வருகிறவர்களில் பலர் அதைப் பற்றி யோசிப்பதே இல்லை. இந்த வண்டிக்குள் மனிதர்கள் தூங்குகிறார்கள், சமைக்கிறார்கள். தூங்கும் ஒருவர் மூச்சிலும் வியர்வையிலுமாக மணிக்கு ஏறத்தாழ 40 கிராம் நீராவியை வெளியே விடுகிறார். இரண்டு பேர் எட்டு மணி நேரம் தூங்கினால் அரை லிட்டருக்கு மேல். அடுப்பும் தன் பங்குக்குத் தரும்: ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் உண்டாகிறது. எரிந்த எரிவாயுவைவிட உண்டான தண்ணீர் எடை கூடியதாக இருக்கிறதே என்று கேட்கத் தோன்றும். எரிவாயுவில் உள்ள ஹைட்ரஜன் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் வரும் எடை அது. இத்தனை நீராவியும் எங்கே போகும்? ஜன்னலில் கொஞ்சம் முத்து முத்தாகப் படியும், அதைத் துடைத்துவிடுவார்கள். மீதி, ஒட்டுப்பலகைக்கும் குளிர்காப்புப் பஞ்சுக்கும் பின்னால் கசிந்து, வெளிக்குளிரில் சில்லிட்டிருக்கும் தகட்டின் உட்புறத்தில் தண்ணீராக மாறி, தகட்டோடு வழிந்து கீழே இறங்கும்.

அப்படி இறங்கி அது சேரும் இடம்தான் வண்டியின் உயிர்நிலை. கதவுக்குக் கீழே, முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் இரும்புப் பெட்டியை ‘சில்’ என்பார்கள். சரக்கு வேனை வாங்கி மோட்டார் ஹோமாக மாற்றியிருந்தால் இந்தச் சில்லுக்குள் இன்னொரு விருந்தாளியும் இருப்பான். ஜன்னல் வைக்கத் தகட்டை ரம்பத்தால் அறுக்கும்போது பறக்கும் இரும்புத்தூள், இடுக்கு வழியாக விழுந்து சில்லின் அடியில் குவிந்துவிடும். அந்தத் தூளுக்குப் பூச்சும் இல்லை, ஒன்றும் இல்லை. ஈரம் பட்ட முதல் வாரமே துருவாகி, தன் கீழே உள்ள தகட்டின் மேல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அறுத்த விளிம்புக்கு உடனே பிரைமர் அடித்து, தூளை வேக்குவம் போட்டு எடுத்த கைகளும் உண்டு. எடுக்காத கைகளும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

ஏன் துரு எப்போதும் இப்படி மறைவான இடத்தையே தேடுகிறது? இதற்கு விடை, கேம்பிரிட்ஜில் உலிக் எவன்ஸ் என்ற வேதியியலாளர் 1920-களில் செய்து காட்டிய ஒரு சோதனையில் இருக்கிறது. பள்ளி ஆய்வகத்திலேயே செய்யலாம். உப்புத்தாளால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிய இரும்புத் தகட்டின் மேல் ஒரு சொட்டு உப்புநீர் விட வேண்டும். அந்தச் சொட்டில் இரண்டு நிறங்காட்டிகளைக் கலந்திருக்க வேண்டும்: இரும்பு கரைந்தால் நீலமாக மாறும் ஃபெர்ரிசயனைடு ஒன்று, காரம் உண்டானால் இளஞ்சிவப்பாகும் ஃபினால்ஃப்தலீன் மற்றொன்று. முதலில் சொட்டு முழுவதும் நீலமும் சிவப்பும் புள்ளி புள்ளியாகக் கலந்து தெரியும். சிறிது நேரத்தில் இரண்டும் பிரிந்து ஒதுங்கிவிடும். சொட்டின் நடுவே நீலம் கூடும், ஓரத்தைச் சுற்றி இளஞ்சிவப்பு வளையம் நிற்கும். கொஞ்ச நேரம் போனால் இரண்டுக்கும் இடையே பழுப்பாக ஒரு வளையம் தோன்றும். அதுதான் துரு.

இந்தச் சொட்டில் மூன்று விஷயம் மூன்று இடத்தில் நடக்கிறது. ஓரத்தில் தண்ணீர் மெல்லிசு. காற்றின் ஆக்சிஜன் சுலபமாகக் கரைந்து வந்து சேரும். நடுவில் தண்ணீர் ஆழம். அங்கே இருந்த ஆக்சிஜன் தீர்ந்தால் புதிதாக வரத் தாமதமாகும். ஒரே தகட்டில் ஆக்சிஜன் மிகுந்த இடமும் குறைந்த இடமும் அருகருகே அமைந்துவிட்டால், அந்தத் தகடு தானே ஒரு மின்கலம் ஆகிவிடுகிறது. ஆக்சிஜன் குறைந்த இடத்து இரும்பு எலக்ட்ரானை விட்டுவிட்டு அயனியாகக் கரைகிறது. எலக்ட்ரான் தகட்டுக்குள்ளேயே ஓடி, ஆக்சிஜன் மிகுந்த ஓரத்துக்குப் போய் அங்கே காரத்தை உண்டாக்குகிறது. கரைந்த இரும்பும் காரமும் சந்திக்கும் நடுவழியில் துரு படிகிறது. ஆக, துரு தெரிகிற இடம் வேறு, இரும்பு அழிகிற இடம் வேறு. இரும்பு அழிவது காற்று போகாத இடத்தில். பழைய வண்டி வாங்க நினைக்கும் ஒவ்வொருவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய உண்மை இதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது அந்தச் சொட்டின் நடுப்பகுதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து வெல்டிங் ஆன விளிம்பை வைத்துப் பாருங்கள். நூலிழை இடுக்கு, தண்ணீர் தானாகவே உறிஞ்சப்பட்டு உள்ளே போகும், எளிதில் காயாது. உள்ளே ஆக்சிஜன் தீர்ந்துபோகும், வெளியே ஏராளமாக இருக்கும். இடுக்கின் ஆழத்தில் இரும்பு கரையத் தொடங்கும். கரைந்த இரும்பு அயனியின் நேர்மின்சுமையை ஈடுகட்ட வெளியிலிருந்து குளோரைடு உள்ளே நகர்ந்து வரும். இரும்பு அயனி நீரோடு வினைபுரிந்து அமிலத்தை விடும். அமிலம் இன்னும் இரும்பைக் கரைக்கும். தொடங்கியபின் தன்னைத்தானே வேகப்படுத்திக்கொள்ளும் அரிப்பு இது. தையல் விளிம்பு, போல்ட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் உள்ள வட்டம், வீலுக்கு மேலே அப்பிக் காய்ந்த சேற்றுக்கு அடி, விரிசல் விட்ட தார்ப்பூச்சுக்கு அடி எல்லாமே வேதியியலுக்கு ஒரே மாதிரியான இடங்கள்தான்.

துரு, தான் தின்ற இரும்பைப்போல் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால் இடுக்குக்குள் அடைத்துக்கொண்டு வளரும்போது இரண்டு தகடுகளையும் நெம்பிப் பிரிக்கிறது. நேராக ஓட வேண்டிய தையல் விளிம்பு வெல்டிங் புள்ளிகளுக்கு நடுவே அலை அலையாகப் புடைத்திருந்தால், உள்ளே அது நெடுநாளாக வேலை செய்கிறது என்று அர்த்தம். பெயிண்டில் சின்னக் கொப்புளம் தெரிவதும் பல நேரம் இதே கதைதான். அது வெளியிலிருந்து உள்ளே போகும் துருவின் தொடக்கமாக இருப்பதைவிட, உள்ளிருந்து அரித்துக்கொண்டு வந்து கடைசித் தோலை எட்டிய துருவின் முடிவாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

எவ்வளவு அரித்தால் ஆபத்து? சில்லின் தகடு ஒரு மில்லிமீட்டர் அளவுதான் தடிமன். ஐ.எஸ்.ஓ. 9223 கணக்குப்படி, மிகவும் அரிக்கக்கூடிய சூழலான சி5 வகையில் சாதாரண எஃகு முதல் வருடத்திலேயே 80 முதல் 200 மைக்ரான் வரை இழக்கலாம். ஆயிரம் மைக்ரான்தான் ஒரு மில்லிமீட்டர். தடிமன் பாதியானால் வலுவும் பாதிதானே போகும் என்று நினைப்பது இயல்பு. அழுத்தம் தாங்கும் மெல்லிய தகட்டுக்கு அந்தக் கணக்கு வேறு. அது மடங்காமல் தாங்கும் விசை தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. தடிமன் பாதியானால் தாங்கும் விசை எட்டில் ஒரு பங்காகிவிடும். மோதல் நடக்கும் நொடியில் பயணிகளைக் காக்க வேண்டிய பெட்டி, தாங்க வேண்டிய விசை ஏறுவதற்கு வெகு முன்பே நெளிந்துபோகும்.

முறுக்கு இன்னும் மோசம். ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி விளிம்பை ஒட்டி, இரண்டு முனையையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், விறைப்பாக எதிர்க்கும். ஒட்டை நீளவாக்கில் பிரித்துவிட்டு முறுக்கினால் ஒரு எதிர்ப்பும் இருக்காது. பத்து சென்டிமீட்டர் சதுரப் பெட்டி, ஒன்றரை மில்லிமீட்டர் தகடு என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு தையல் முனையிலிருந்து முனைவரை பிரிந்த நிலையில் முறுக்கு விறைப்பு மூவாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குகிறது. வண்டியில் தையல் முழுவதும் ஒரேயடியாகப் பிரிவதில்லைதான். ஆனால் பிரிந்த ஒவ்வொரு சாணும் வண்டியை அந்தத் திசையில் தள்ளுகிறது. மோட்டார் ஹோம் பெரும்பாலும் தன் எடை வரம்பை ஒட்டியே ஓடும் வண்டி. ஐரோப்பாவில் பலவற்றுக்கு அந்த வரம்பு 3,500 கிலோ. நூறு லிட்டர் தண்ணீர் பிடித்தாலே நூறு கிலோ ஏறிவிடும்.

எல்லா மோட்டார் ஹோமும் ஒரே மாதிரிக் கட்டப்பட்டதில்லை. வேனையே மாற்றியமைத்ததில் உடம்புத் தகடுதான் எலும்புக்கூடும். தனியாகச் சேஸிஸ் என்று ஒன்று கிடையாது. அதனால் அங்கே சில்லும் தரைத்தகடும் முழுப் பொறுப்பைச் சுமக்கின்றன. இன்னொரு வகையில், டிரைவர் கேபின் மட்டும் தொழிற்சாலையிலிருந்து வரும். அதற்குப் பின்னால் தனிச் சேஸிஸ் போட்டு, மேலே மரச்சட்டமும் அலுமினியமும் ஃபைபரும் வைத்து வீட்டைக் கட்டுவார்கள். ஜெர்மனியின் ஆல்கோ நிறுவனம் செய்யும் சேஸிஸ் அப்படி நிறைய வண்டிகளில் இருக்கும். அதை முழுதாக உருகிய துத்தநாகத்தில், சுமார் 450 டிகிரி சூட்டில் முக்கி எடுக்கிறார்கள். பிரான்சில் சோரெல் 1837-இல் காப்புரிமை வாங்கிய முறை இது. துத்தநாகம் வெறும் மறைப்பாக மட்டும் நிற்பதில்லை. கீறல் விழுந்தாலும் இரும்புக்கு முன்னால் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றுகிறது. இந்தச் சேஸிஸ் இருந்தால் பாதிக் கவலை போய்விடும். மீதிப் பாதி முன்னால் இருக்கிறது. கேபினும் அதன் தரையும் சில்லும் பெயிண்ட் அடித்த சாதாரண வேன் தகடுதான். சாம்பல் நிறத்தில் திடமாகத் தெரியும் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு முன்பக்கத்தைப் பார்க்காமல் வருகிறவர்கள் பலர்.

கனமான ஏணிச் சட்டம் போட்ட வண்டி என்றால் பயமே இல்லை என்பதும் சரியல்ல. அமெரிக்காவில் டொயோட்டாவின் டகோமா, டன்ட்ரா, செகோயா வண்டிகளின் சட்டம் துருவில் ஓட்டை விழுந்த வழக்கில், அந்த நிறுவனம் 2016-இல் 340 கோடி டாலர் வரை செலவாகக்கூடிய உடன்பாட்டுக்கு வந்தது. சுமார் 15 லட்சம் வண்டிகள் அதில் அடங்கின. சட்டத்தை மாற்றித்தர அவர்கள் வைத்த அளவுகோல், 10 மில்லிமீட்டர் ஓட்டை.

சரி, வாங்குகிறவர் என்ன செய்ய வேண்டும்? வண்டியைப் பார்க்கக் கிளம்புவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடும். பிரிட்டனில் மூன்று வயதான வண்டிகளுக்கு ஆண்டுதோறும் எம்.ஓ.டி. என்ற தகுதிச் சோதனை உண்டு. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் வண்டிகளுக்கு 2005 முதல் நடந்த சோதனை முடிவுகளை, பதிவெண்ணைத் தட்டினாலே அரசுத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். தேறியதா இல்லையா என்பதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு ஆண்டும் எழுதிய எச்சரிக்கைக் குறிப்புகளை வரிசையாகப் படிக்க வேண்டும். ஒரு வருடம் ‘பின் சஸ்பென்ஷன் பிடிமானத்துக்கு அருகே துரு’ என்று இருந்து, அடுத்த வருடம் அது மாயமாகியிருந்தால், ஒன்று வெல்டிங் நடந்திருக்க வேண்டும், இல்லையேல் யாரோ மேலே கறுப்பு அடித்திருக்க வேண்டும். வெல்டிங் என்றால் ரசீதும், முடிந்தால் வேலை நடந்தபோது எடுத்த படமும் கேளுங்கள்.

எம்.ஓ.டி. தேறிய வண்டி பத்திரமான வண்டி என்று எடுத்துக்கொள்வதும் தவறு. சோதனையாளர் எதையும் கழற்றிப் பார்க்கக் கூடாது. சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், பிரேக், சீட் பெல்ட் ஆகியவை பிடிக்கும் இடங்களைச் சுற்றி 30 சென்டிமீட்டருக்குள் தகடு வலுவிழந்திருக்கிறதா என்பதைத்தான் அவர் குறிப்பாகப் பார்க்கிறார். அந்த 30 சென்டிமீட்டர் விதி நமக்கும் நல்ல வழிகாட்டி. வண்டியில் எங்கெல்லாம் கனமான விசை இறங்குகிறதோ, அங்கெல்லாம் ஓர் அடி நீளத்துக்குத் தகடு சுத்தமாக இருக்க வேண்டும்.

லிஃப்டில் ஏற்றாமல் எந்தப் பழைய மோட்டார் ஹோமையும் வாங்காதீர்கள். கார் லிஃப்ட் பலவற்றை இதன் எடையும் உயரமும் அனுமதிக்காது. வேனும் சின்ன லாரியும் பார்க்கும் கடையாகத் தேடி, முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். தனியாக ஒரு பொறியாளரைக் கூலி கொடுத்துக் கூட்டிப் போவது இன்னும் நல்லது. விற்பவர் லிஃப்டுக்குச் சம்மதிக்கவில்லையென்றால் வேறு வண்டி பாருங்கள்.

அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் முதலில் கண்ணில் படும் பழுப்பெல்லாம் பெரும்பாலும் பொருட்டல்ல. ஆக்சில், டிஃபரென்ஷியல், எக்ஸாஸ்ட் குழாய் ஆகியவற்றின் மேல் மெல்லிய துரு படிந்திருக்கும். ஆக்சிலைப் போன்ற கனத்த இரும்புக்கு மேல்தோல் பழுப்பதால் ஒன்றும் ஆகாது. பயப்பட வேண்டியது தகடு தகடாக உரிந்து வரும் துரு, பெட்டியாக மூடிய பாகங்கள், தையல் விளிம்புகள், ஜாக்கி வைக்கும் இடம், பட்டை ஸ்பிரிங்கைத் தாங்கும் கொக்கிகள், முன் ஸ்பிரிங்கின் மேல் இருக்கை, பின்பக்கம் நீட்டி வைத்த சட்டம்.

கையில் ஒரு சின்னச் சுத்தியல் போதும். அனுமதி வாங்கிக்கொண்டு, சில்லின் அடியை ஓங்காமல் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு ‘ணங்’ என்று தெளிவாக ஒலிக்கும். சுத்தியல் துள்ளித் திரும்பும். அரித்த இடம் வந்ததும் ஒலி ‘பொத்’ என்று அமுங்கும். சுத்தியல் துள்ளாது, உள்ளே துருப்பொடி சலசலவென்று விழும் ஓசைகூடக் கேட்கும். பத்து தட்டில் காது பழகிவிடும். ஜாக்கி வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒலி மாறினால் அங்கேயே நின்று இரண்டு பக்கமும் தட்டி, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளலாம். ஒலி அமுங்கியும் பார்வைக்கு வழவழவென்று இருந்தால் காந்தத்தை வையுங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை. பட்டி போட்டு, ஃபைபரை அப்பி, மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

சில்லின் அடியில் சின்னச் சின்ன வடிகால் துளைகள் இருக்கும். உள்ளே சேரும் தண்ணீர் வெளியேறத்தான் அவை. சேறோ தார்ப்பூச்சோ அடைத்திருந்தால் அந்தப் பெட்டி வருடக்கணக்காகத் தண்ணீர்த் தொட்டியாக இருந்திருக்கிறது. அதே துளை வழியாக, போனில் மாட்டும் எண்டோஸ்கோப் கேமராவை உள்ளே விடலாம், அதிக விலையில்லை. திரையில் தொழிற்சாலைப் பெயிண்டோ மெழுகோ தெரிந்தால் நல்லது. அடியில் ஈரமான பழுப்பு மண் போல் ஒரு படுகை தெரிந்தால், மேலே பெயிண்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தச் சில் போய்விட்டது.

அடிப்பாகம் முழுக்கப் புத்தம்புதிதாகக் கறுப்பு அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். விற்பதற்கு முந்தின வாரம் அடிக்கும் பூச்சு வாங்குகிறவரின் கண்ணுக்காக அடிப்பது. துருவின்மேல் அடித்த தடித்த பூச்சு, காய்ந்து விரிசல் விட்டதும், எவன்ஸின் சொட்டில் நடந்ததையே தனக்கு அடியில் நடத்தத் தொடங்கும். விரலால் பூச்சை அழுத்திப் பாருங்கள். உள்ளே நொறுங்கும் உணர்வு இருந்தால் கீழே இருப்பது இரும்பல்ல.

அடியில் பார்த்தது போதும் என்று நிறுத்திவிடாமல் உள்ளேயும் வர வேண்டும். டிரைவர் காலடிப் பாயைத் தூக்கி, தரையை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். கண்ணாடி மாற்றிய வண்டியில் விண்ட்ஸ்கிரீன் ரப்பரின் கீழ்மூலையில் கொப்புளம் இருந்தால், அங்கிருந்து இறங்கும் தண்ணீர் இந்தப் பாய்க்கு அடியில்தான் வந்து சேரும். குளியலறைத் தட்டுக்கும் ஃப்ரிட்ஜ் காற்றுத் துளைக்கும் நேர்கீழே தரைப்பலகை மெத்தென்று இருக்கிறதா பாருங்கள். பின்சீட்டுச் சீட் பெல்ட் பல வண்டிகளில் மரத்தரையைத் துளைத்து, கீழே ஓர் இரும்புத் தகட்டில் போல்ட் போட்டு நிற்கும். மேலே சீட் துணி புதிதாக இருக்கும். கீழே அந்தத் தகடு உப்புச்சேற்றின் பாதையிலேயே இருக்கும். குழந்தைகளை உட்கார வைக்கப்போகும் இடம் அது. லிஃப்டில் இருக்கும்போதே அந்தப் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்க வேண்டும். அங்கேயே இரும்புப் பிரேக் குழாய்களின் மேலும் ஒரு பார்வை ஓடட்டும்.

கடைசியாக முறுக்குக்கு ஒரு சோதனை. ஒரு முன்சக்கரத்தை மட்டும் நடைபாதை விளிம்பில் ஏற்றி நிறுத்தி, பக்கக் கதவைத் திறந்து மூடுங்கள். சமதரையில் சுகமாக மூடிய கதவு இப்போது உரசினால், கதவு வாசல் சதுரத்திலிருந்து சாய்கிறது. பலமிழந்த சில்லுக்கு இது வலுவான அறிகுறி.

துரு இருப்பதாலேயே வண்டியை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. தெரிந்த இடத்தில், தெரிந்த அளவில், கை எட்டும் இடத்தில் இருக்கும் துருவை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்யலாம்; ஒரு வெல்டரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, விலையைப் பேசலாம். ஸ்பிரிங் பிடிமானமோ ஸ்டீயரிங் பிடிமானமோ ஓட்டை விழுந்திருந்தால், அல்லது சமையல் மேடை முழுவதையும் பிரித்தால்தான் எட்டக்கூடிய இடத்தில் தையல் புடைத்திருந்தால், நான் விலை பேச மாட்டேன். அங்கே ஓர் ஓட்டை கண்ணுக்குத் தெரிகிறதென்றால் பக்கத்தில் தெரியாதவை இருக்கும். கடைக்காரரிடம் வாங்கினால் 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பித் தரும் உரிமையைக் கொடுக்கிறது. தனியாரிடம் வாங்கும்போது அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால் தனியார் வண்டிக்கு லிஃப்ட் இன்னும் அவசியம்.

நல்ல வண்டி அமைந்து வாங்கிவிட்டால், முதல் கோடையிலேயே ஒரு வேலை இருக்கிறது. வசந்தம் வந்ததும் அடிப்பாகத்து உப்பை வெறும் தண்ணீரால் நன்றாகக் கழுவி, சில வாரம் வெயிலில் காய விட்டு, ஆகஸ்டு வாக்கில் எல்லாப் பெட்டிகளுக்குள்ளும் நீண்ட குழாய் வழியாக மெழுகு அடிக்க வேண்டும். இடுக்குப் பெட்டிக்கென்றே விற்கும் இந்த மெழுகு கெட்டியாக உறைவதில்லை. தண்ணீர் புகுந்த அதே நூலிழை இடுக்குக்குள் தானும் ஊர்ந்து போய், காற்றையும் ஈரத்தையும் வெளியே நிறுத்துகிறது. சூடான நாளில் அடித்தால் நன்றாக ஓடும். மறுநாள் ஒரு மெல்லிய கம்பியை எடுத்து, ஒவ்வொரு வடிகால் துளையிலும் விட்டுப் பார்த்து, மெழுகு அடைத்திருந்தால் குத்தித் திறந்துவிடுங்கள்.